பன்னிரண்டாயிரம் வோல்ட்டில் அரைமணி நேரம்

ஹீட்டரை அணைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள் கொளஞ்சியம்மாள். பத்து இருபது. எண்ணெய் நூற்றுப் பத்து டிகிரியிலிருந்து ஐம்பதுக்கு இறங்க அரைமணி நேரமாகும், அதுவரை முள் பன்னிரண்டாயிரம் வோல்ட்டிலேயே நிற்க வேண்டும், அதுவரை அவள் இந்த முக்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் போக முடியாது. பதினாலு வருஷமாகச் செய்கிற வேலைதான், ஆனால் இன்றைக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கம்பிவலைக் கூண்டுக்குள் தொட்டி, தொட்டிக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் எட்டு வில்லைகள். ஒவ்வொன்றும் பத்து ரூபாய் நாணய அகலம், விரல் தடிமன், இரண்டு பக்கமும் வெள்ளிப் பூச்சு. ஈயத்தூளோடு இன்னும் இரண்டு தூளைச் சேர்த்து அரைத்து அழுத்திச் சூளையில் சுட்ட பீங்கான். சுட்டு எடுத்த சூட்டோடு பார்த்தால் அது வெறும் பீங்கான்தான், டீ கப்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இப்படிச் சூடான எண்ணெயில் போட்டு, இத்தனை ஆயிரம் வோல்ட்டை அதன்மேல் பிடித்துவைத்து, பிடியை விடாமலேயே ஆறவைத்தால்தான் அதற்குள் மின்சாரம் குடியேறும். நடுவில் கை தவறினால் போச்சு, மறுபடி டீ கப். இதற்குக் கம்பெனியில் போலிங் என்று பெயர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்காரர் ஞானவேல், எலெக்‌ஷனே இல்லாத மாசத்துல என்ன போலிங் என்று கேட்டார், இன்னும் கேட்கிறார், அவளும் இன்னும் சிரித்து வைக்கிறாள். சிரிப்பு வராத நாளிலும் சிரித்து வைக்கிற பழக்கம் அவளுக்கு எப்போது வந்தது. மேசைமேல் அந்தத் தாள் கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று முள்ளைப் பார்த்தாள். முள் அசையவில்லை. தாளைப் பார்த்தாள்.

இங்கிலீஷில் டைப் அடித்த இரண்டு பத்தி. விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படித்தவளுக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். வில்லைகளைப் போலிங் செய்த ஊழியராகிய நான், ஆறும் நேரத்தில் வோல்ட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை, அதனால் கருவி வேலை செய்யவில்லை, இது என்னுடைய கவனக்குறைவு. கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் அவள் பெயர். ஒன்பதரை மணிக்கு டெக்னிக்கல் டைரக்டர் ஜெயசீலன் சார் தானே நடந்துவந்து கொடுத்துவிட்டுப் போனார், கூடவே அவருடைய பேனாவையும். "ஒரு கையெழுத்துதானேம்மா. உங்களை யாரும் வேலையை விட்டு அனுப்பப் போறதில்ல. தப்பு எங்கன்னு கஸ்டமருக்குக் காட்டணும், அவ்வளவுதான். பதினொரு மணிக்கு வந்துடுவார்" என்றார். அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும், அதட்டலுக்கு அவளிடம் பதில் உண்டு. ஒரு கையெழுத்துதானே என்பதற்குத்தான் அவளிடம் எப்போதும் பதில் இல்லாமல் போகிறது. இதே வார்த்தையை, இதே குரலில், விருத்தாசலம் பத்திர ஆபீஸ் வாசலில் கலியமூர்த்தியும் சொன்னான். சொந்த அண்ணன். அம்மா போய் நாற்பதாம் நாள், வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று ஆறு இடத்தில் போடச் சொன்னான். போட்டாள். படித்துப் பார்க்கவில்லை என்றில்லை, படித்தாள், எல்லா வரியும் புரிந்தது, புரிந்துகொண்டே போட்டாள், அதுதான் கேவலம். போட்டு முடித்ததும் எதிர்க்கடையில் காபி வாங்கிக் கொடுத்தான். அதைக் குடிக்கவும் குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. கோபம் உளுந்தூர்ப்பேட்டை தாண்டுகிறபோதுதான் வந்தது. கோபம் எப்போதுமே அவளிடம் பஸ் பிடித்துத்தான் வருகிறது, வந்து சேருகிறபோது எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. இன்றைக்கு மட்டும் எப்படியோ ஒன்பதரைக்கே வந்துவிட்டது. வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தொண்ணூற்றெட்டு டிகிரி.

ஆனால் ஒருவேளை. இந்த ஒருவேளைதான் காலையிலிருந்து செருப்புக்குள் கல் மாதிரி. ஒருவேளை அவள்தானோ. அன்றைக்கு, போன மாசம் ஆறாம் தேதி, அந்த வில்லைகளை ஆறவைத்தபோது ட்யூப் லைட் ஒருதரம் சிமிட்டியது. சிமிட்டியதா, அல்லது இந்தத் தாளைப் படித்த பிறகு அவள் மனசு சிமிட்ட வைத்ததா. பள்ளிக்கூடத்திலிருந்து மகள் தேன்மொழி போன் பண்ணினாள், எடுக்கவில்லை. எடுக்கவில்லைதானே. எடுக்கவில்லை, சாயங்காலம் அதற்குச் சண்டை போட்டாளே, உன் எண்ணெய்ச் சட்டிதான் உனக்கு முக்கியம் என்று. சரி, எடுக்கவில்லை. லைட் சிமிட்டியிருந்தாலும் யுபிஎஸ் பாட்டரி வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும், அதற்குத்தான் அது. முள் ஆடியதா. அவள் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் முள்ளைத்தான் பார்க்கிறாள். ஆனால் எப்போதும் பார்க்கிற ஒன்றைப் பார்த்தோமா என்று எப்படிச் சொல்வது, தினமும் பூட்டுகிற கதவைப் பூட்டினோமா என்று பஸ் ஸ்டாப்பில் நின்று யோசிக்கிற மாதிரி. மூக்கில் எண்ணெய் வாசனை, சுட்ட பிளாஸ்டிக்கும் மெழுகும் கலந்த மாதிரி. அப்புறம் எண்கள் ஞாபகம் வந்தன. மறுநாள் ஒவ்வொரு வில்லையையும் மீட்டரில் கவ்வி, எவ்வளவு மின்சாரம் கக்குகிறது என்று அளந்தாள், அளந்துதான் அனுப்புவாள். முந்நூற்று எண்பது. முந்நூற்று எழுபத்தாறு. முந்நூற்று எண்பத்து மூன்று. மகள் பிறந்தபோது சொன்ன எடை மறந்துவிட்டது, இது மறக்கவில்லை. வோல்ட் நழுவிய வில்லை முந்நூற்று எண்பது காட்டாது. இருநூறுகூடக் காட்டாது. நான் சரியாகத்தான் செய்தேன். இதை மனசுக்குள் சொன்னபோது சின்னக் குரலாக இருந்தது. உதட்டை அசைத்து இன்னொருதரம் சொன்னாள். நான் சரியாகத்தான் செய்தேன். அறையில் கேட்க யாருமில்லை, கூண்டும் தொட்டியும்தான்.

அந்த வில்லை என்ன செய்யும் என்று தேன்மொழி ஒருதரம் கேட்டாள், பிரெண்ட்ஸ் கேட்டால் என்ன சொல்வது என்று. கொளஞ்சியம்மாள் அடுப்படிக்குப் போய் காஸ் லைட்டரை எடுத்துவந்து டக்கென்று அமுக்கிக் காட்டினாள். நுனியில் நீலப்பொறி. "இதுக்குள்ள பாட்டரி இருக்கா. இல்லல்ல. குட்டியா ஒரு பீங்கான் இருக்கு, அதை அடிச்சா மின்சாரம் கக்கும். நாங்க செய்றது இதுக்கு அப்பன்." இவர்கள் செய்கிற கருவி உள்ளங்கை அகலம். விசையை அமுக்கினால் உள்ளே ஒரு இரும்புக் குண்டு வந்து வில்லையை அடிக்கும். அடி விழுந்த கணத்தில், கண் இமைக்கிறதெல்லாம் அதற்கு ஒரு யுகம், அதற்கும் முன்னால், வில்லை தன்னிடம் இருந்த மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். நாற்பதாயிரம் வோல்ட். அந்த வெட்டில் ஒரு எக்ஸ்ரே விழும், ஒரே ஒரு படம், வில்லை உடைந்துபோகும். யாரோ பஸ் ஸ்டாண்டில் விட்டுப்போன பைக்குள் என்ன இருக்கிறது என்று பையைத் தொடாமல் பார்க்க. பாட்டரி கிடையாது, ஒயர் கிடையாது, பாம் ஸ்குவாடில் ஒருத்தர் பையின் பக்கத்தில் வைத்து அமுக்கிவிட்டு வரலாம். போன வாரம் மைதானத்தில் சோதனை. எஸ்.ஐ. மரியதாஸ் என்பவர் அந்தக் கனத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, நாற்பத்தோரு டிகிரி வெயிலில், துணி அடைத்த ஒரு பையின் முன்னால் மண்டியிட்டு அமுக்கினாராம். படம் விழவில்லை. மறுபடி அமுக்கினாராம். ஒருதரம்தான் வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் மூன்று தரம் அமுக்கினாராம். வேன் டிரைவர் சொன்னது. அந்த மூன்று தரம் கொளஞ்சியம்மாளைத் தூங்கவிடவில்லை. துணிப்பைதான். அடுத்த தரமும் துணிப்பையாகவா இருக்கும். பேக்கிங் ரூமில் பத்துக் கருவி பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது, மத்தியானம் பன்னிரண்டு மணி வண்டிக்கு. எண்பத்தாறு டிகிரி.

வேலை செய்யாத அந்தக் கருவி ஒரு பாலித்தீன் கவரில் திரும்பிவந்தது. ஜெயசீலன் சார் பார்த்துவிட்டு, குப்பையில போட்டுடுங்கம்மா என்றார். போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. உடைந்த சாமானை உடனே தூக்கிப் போட அவள் அம்மா விட்டதில்லை, பீங்கான் கம்பெனியில் இருபது வருஷம் சூளை வேலை பார்த்த அம்மா, உடைந்த ஃப்யூஸ் கட்டையின் வாயைப் பார்த்தே சூடு எங்கே அதிகமாச்சு என்று சொல்வாள், சூப்பர்வைசர் அதைத் தன் பேச்சு மாதிரி மேலே போய்ச் சொல்வார். கொளஞ்சியம்மாள் அந்த ரெசின் கட்டியைப் பாதியாக அறுத்து, லென்ஸை வைத்துப் பார்த்தாள். வில்லையைச் சுற்றி ஊற்றி இறுக வைத்த தேன் நிற ரெசின். அதற்குள் கடுகளவு ஒரு காற்றுக் குமிழ். குமிழிலிருந்து இரண்டு பக்கமும் கறுப்பாக, வேர் மாதிரி ஒரு கோடு. நாற்பதாயிரம் வோல்ட்டும் வெளியே போகிற கம்பியை விட்டுவிட்டுக் குமிழ் வழியாகக் குறுக்கே ஓடிவிட்டது. வில்லை தன் வேலையைச் செய்திருக்கிறது. முழுசாகக் கொட்டியிருக்கிறது. ஐயோ பாவம், போக வழியில்லை அதற்கு. ரெசினை இரண்டு மணி நேரம் வாக்குவத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றிய அன்றைக்கு வைக்கவில்லை. வில்லைகளைக் கொடுக்கப் போனவள் வாசலிலேயே நின்று காதால் கேட்டாள், உள்ளே ஜெயசீலன் சார்தான், வாக்குவம்லாம் வேணாம்மா, நேரா ஊத்து, இன்னைக்கு எல்லாம் முடியணும் என்றார். ஊற்றியது ஹபீபா. அங்கேதான் நூல் சிக்குகிறது. போலிங் தப்பில்லை என்றால் அடுத்த கேள்வி, பிறகு யார் தப்பு. கான்ட்ராக்ட்காரி, ஆறு மாசத்துக்கு ஒருதரம் அட்டை புதுப்பிக்கிற ஹபீபா. என் கழுத்துக் கயிற்றைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டுவதா. அதற்குப் பேசாமல் போட்டுவிட்டால் என்ன. ஒரு கையெழுத்துதானே. பார், அவளுக்குள்ளேயே அந்தக் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது, காபி டம்ளரை நீட்டிக்கொண்டு.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஹபீபாதான். உள்ளே வரவில்லை, போலிங் நடக்கும்போது யாரும் உள்ளே வரக்கூடாது.

"அக்கா, தாள்ல உன் பேரைப் போட்டிருக்காங்களாமே."

"ஆமா."

"நீ போட்டுடாத. நான்தான் ஊத்துனேன். நானே போய்ச் சொல்லிடுறேன்."

"என்னன்னு சொல்லுவ?"

ஹபீபா தன் கையைப் பார்த்தாள். கையுறையில் ரெசின் காய்ந்து பளபளத்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நீ எதுவும் சொல்லாத. உன்னைச் செய்யச் சொன்னதைச் செஞ்ச. கதவைச் சாத்து, ஏசி போகுது" என்றாள் கொளஞ்சியம்மாள். கடைசி வாக்கியம் தேவையில்லாதது, ஆனால் அதைச் சொல்லாவிட்டால் குரல் உடைந்திருக்கும்.

கதவு சாத்திக்கொண்டது. எழுபத்தெட்டு. நானே போய்ச் சொல்லிடுறேன் என்கிறாளே, அட்டை இல்லாமல் அடுத்த மாசம் என்ன செய்வாள், அவள் மாமியாருக்கு டயாலிசிஸ் வேறு, இவ்வளவு தெரிந்தும் அந்தப் பெண் வாசல்வரை நடந்து வந்திருக்கிறாள். நான் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு டிகிரி எண்ணுகிறேன். கொளஞ்சியம்மாளுக்கு முதுகுத் தண்டில் என்னவோ நிமிர்ந்தது. இரண்டு கழுத்துதானா இருக்கிறது இந்தக் கம்பெனியில். ஒன்று இவள், இல்லையென்றால் அவள், இதை யார் சொன்னது. தாள் சொன்னது. தாளில் இரண்டு பத்திதான் இருந்தது, மூன்றாவது பத்தி இல்லாததால் மூன்றாவது ஆளும் இல்லையென்று அவள் மூளையும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது, காலையிலிருந்து, டிப்ளமோ படித்த மூளை. நேரா ஊத்து என்றது யார் வாய். அந்த வாய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொன்னால் என்ன ஆகும். வேலை போகும். போகட்டுமா. நாற்பத்து மூன்று வயசு. தேன்மொழி ப்ளஸ் டூ. வருஷத்துக்கு ஒருதரம் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கிறார்களே, வேறு கம்பெனியில் கேட்டால் அதையும் காட்ட வேண்டுமா. பயம் வந்தது, நிஜமான பயம். வரட்டும். பயந்துகொண்டே சொன்னாலும் சொன்னது சொன்னதுதானே, பயப்படாமல் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது.

பத்து நாற்பத்தொன்றுக்கு ஜெயசீலன் சார் கதவைத் தட்டாமல் திறந்தார். நரைத்த முடி, சலவைச் சட்டை, நல்ல மனுஷன் என்று பெயரெடுத்த மனுஷன். தேன்மொழிக்கு டைபாய்டு வந்தபோது காரை அனுப்பியவர். அந்தக் காரும் இப்போது அவரோடு சேர்ந்து வாசலில் வந்து நின்றது.

"முடிஞ்சுதாம்மா? அவர் வந்துட்டார், சீக்கிரமே வந்துட்டார். தாளை எடுத்துட்டு வாங்க."

"இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு சார்."

"ஆஃப் பண்ணிட்டு வாங்க. எட்டு வில்லைதானே, நாளைக்கு மறுபடி போட்டுக்கலாம்."

"முடியாது சார்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. முடியாது. பதினாலு வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் முடியாது, அதுவும் எவ்வளவு சாதாரணமாக, உப்பு இல்லை என்கிற மாதிரி.

"என்னது?"

"இப்ப எடுத்தா வில்லை வீணாப் போயிடும். வோல்ட்டைச் சரியாப் பிடிக்கலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்படி நான் எப்பவும் செஞ்சதில்ல சார், இன்னைக்கும் செய்ய மாட்டேன்."

அவர் முள்ளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், காலியாக இருந்த கோட்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "ஒன்பது நிமிஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேயும் வரை அவள் மூச்சு விடவில்லை. பிறகு விட்டாள். முள்ளைப் பார்த்தாள், அது அசையவில்லை. அறுபத்து மூன்று. கார் அனுப்பினார், ஆமாம். அதற்கு அவள் எத்தனையோ தரம் நன்றி சொல்லியாயிற்று. நன்றிக்கும் இதற்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்ப வேண்டும், அதை இந்த ஒன்பது நிமிஷத்தில் எழுப்ப வேண்டும், அம்மா சூளை வாயைச் செங்கல் வைத்து அடைக்கிற வேகத்தில். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே யாரோ, தேதி, தேதி என்று கத்தியிருப்பார்கள். இருக்கட்டும். கெட்டவராக இருந்தால்தான் எதிர்த்துப் பேச வேண்டுமா, நல்லவர் பேனாவைக் கையில் கொடுத்தால் போட்டுவிட வேண்டுமா. மரியதாஸ் மண்டியிட்டு மூன்று தரம் அமுக்கினாரே, அவருக்கு இவர் நல்லவரா கெட்டவரா. அமுக்குகிற விரலுக்கு அதெல்லாம் தெரியாது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்து நான்கு. ஐம்பது.

வோல்ட் திருகை மெதுவாகச் சுழியத்துக்குக் கொண்டுவந்தாள். மெயினை அணைத்தாள். எர்த் கம்பியால் தொட்டு மிச்சத்தை இறக்கினாள். எட்டு வில்லைகளையும் எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து, தேதியும் மணியும் எழுதினாள். எதையும் அவசரப்படுத்தவில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து அறுத்த ரெசின் கட்டியையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். தாள் மேசையிலேயே கிடந்தது, பேனா அதன்மேல்.

மீட்டிங் ரூமில் மரியதாஸ் சாதாரண உடுப்பில் இருந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயசிருக்கும், கழுத்தில் வேர்க்குரு. ஜெயசீலன் சார் அவளைப் பார்த்துச் சிரித்தார், அவள் கையில் தாள் இல்லாததைப் பார்த்துச் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டார்.

"இவங்கதான் சார் போலிங். ஒரு சின்னக் கவனக்குறைவு, ஒத்துக்கிட்டாங்க."

"நான் ஒத்துக்கலை" என்றாள் கொளஞ்சியம்மாள். ரெசின் கட்டியை மேசையில் வைத்து லென்ஸை மரியதாஸ் பக்கம் தள்ளினாள். "வில்லை நல்லாத்தான் இருந்துது சார். அந்தக் குமிழைப் பாருங்க. காத்தை எடுக்காம ஊத்தினது."

மரியதாஸ் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யார் ஊத்தினது?" என்றார் ஜெயசீலன் சார் வேகமாக. "அந்தக் கான்ட்ராக்ட் பொண்ணுதானே."

"காத்தை எடுக்க வேணாம், நேரா ஊத்துன்னு சொன்னது நீங்க சார். நான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன்."

வார்த்தை வெளியே போய்விட்டது, இனி அதை யாரும் திரும்ப உள்ளே போட முடியாது, அவளாலும் முடியாது, அதுவே ஒரு விடுதலையாக இருந்தது.

மரியதாஸ் லென்ஸிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார். "இன்னைக்குப் போகுற பத்தும்?"

"அதே நாள்ல, அதே மாதிரி ஊத்தினது சார்."

அவர் போனை எடுத்து, வெளியே நின்ற டிரைவரிடம் பெட்டி எதையும் ஏற்ற வேண்டாம், ஏற்றியிருந்தால் இறக்கு என்றார். பிறகு ஜெயசீலன் சாரைப் பார்த்தார். "பத்தையும் புதுசா ஊத்தி, நாங்க பார்த்த பிறகு கொடுங்க. எங்க பசங்க கையில அது இருக்கும்."

"நிச்சயமா சார்" என்றார் ஜெயசீலன் சார். முகம் வெளிறியிருந்தது. அவள் பக்கம் திரும்பாமலேயே, "நீங்க போகலாம்மா. நாம அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அந்த அப்புறத்தில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அந்த அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, தணிந்த குரலில் நடக்கும். அதில் ஹபீபாவின் அட்டையும் இருக்கும். இந்த அறையில் வேலைக்காரர்கள் யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த நாற்காலியை இழுத்தாள், தரையில் அது கிறீச்சென்று சத்தம் போட்டது, உட்கார்ந்தாள். நாற்காலி அவள் நினைத்ததைவிட உயரமாக, மெத்தென்று இருந்தது.

"இப்பவே பேசிடலாம் சார். இவர் இருக்கும்போதே."

மரியதாஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து விரித்தார். "அன்னைக்கு என்ன நடந்துதுன்னு முதல்ல இருந்து சொல்லுங்கம்மா."

கொளஞ்சியம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "காலையில ஒன்பதே கால் இருக்கும்" என்று ஆரம்பித்தாள்.